மதகுப் பாட்டுக்கு ஒரு நம்பர்

வடக்குவெளி,
நாகப்பட்டினம் வட்டம்.
10 பிப்ரவரி 2002

அன்புத் தங்கை விண்ணரசிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதை மன்னித்துக்கொள். கோடு போட்ட தாள்தான் வாங்கினேன். ஆனாலும் என் வரிகள் கோட்டில் நிற்காமல் வாய்க்கால் தண்ணீர் மாதிரி தாழ்ந்த பக்கமாகவே போகின்றன. அவசரமாக எழுதினால் எழுத்து ஒன்றின் மேல் ஒன்று ஏறிவிடுகிறது. மெதுவாக எழுதினால் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

இது அம்சம் எழுதித் தந்த கடிதம் இல்லை. உன் அண்ணன் ஆசீர்வாதம் தன் கையால் எழுதுவது. உறையில் இருக்கும் இங்கிலீஷ் முகவரி மட்டும் அம்சத்தினுடையது. மைக் செட்டை விற்ற பிறகு எனக்குப் பொழுது போகவில்லை. பக்கத்து வீட்டு அம்சம் பள்ளிக்கூடத்தில் சாயங்கால வகுப்பு நடத்துகிறாள் என்று போய் உட்கார்ந்தேன். முதலில் கேலி செய்தார்கள். இப்போது பஸ் போர்டு, சோப்பு உறை, சுவர் விளம்பரம் என்று எதையும் விடுவதில்லை. இங்கிலீஷ் எழுத்தை வண்டி நம்பரில் கற்றுக்கொண்டேன். TN 51 நம் நாகை. PY 02 உன் வீட்டுக்காரரின் காரைக்கால்.

இத்தனை வருடமும் அம்சம் எனக்காக எழுதிய கடிதங்களில் ஒரு குறை உண்டு. அவள் மிகவும் மரியாதையாக எழுதுகிறவள். போன கிறிஸ்துமஸுக்கு, “அவ இன்னும் கோவமாத்தான் இருக்காளான்னு கேளு” என்றேன். “அங்கு அனைவரும் நலமா” என்று எழுதிவிட்டாள். அதை இப்போதுதான் கண்டுபிடித்தேன். ஆகவே நானே கேட்கிறேன். இன்னும் கோபமா?

இன்னொன்று. நாகையில் கேசட் கடை வைத்திருக்கும் சேக் தாவூது ஒரு செய்தி சொன்னார். உன் மகன் கிளாட்சன் அங்கே பிரான்சில் தமிழ்ச் சங்கத்துக்காக நம் பக்கத்துப் பழைய பாட்டுகளைச் சேர்த்து சி.டி. போடுகிறானாம். யாரிடம் பழைய டேப் இருந்தாலும் கேட்கிறானாம். நீ மதகில் பாடியதை நான் பிடித்த டேப் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அனுப்பட்டுமா? அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் உன் பெயர் அச்சில் இருக்க வேண்டும். அதை நான் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். இந்த ஆசை வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

உடனே பதில் போடு.

உன் அண்ணன்,
ஆசீர்வாதம்


சார்செல், பாரிஸ் அருகில்.
3 மார்ச் 2002

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நம்பவில்லை. படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். நம் வீட்டில் நீங்கள் மூத்தவர், நான் கடைக்குட்டி. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விட்டவர் நீங்கள். நீங்கள் உள்ளே வந்ததில்லை. வாசலோடு திரும்பிவிடுவீர்கள். இப்போது உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம் அண்ணே. இதை மனமாரச் சொல்கிறேன்.

ஆனால் அந்த டேப் வேண்டாம்.

கோபமா என்று கேட்டீர்கள். ஆமாம். எழுபத்து நான்கில் ஆடி பிறந்தும் தண்ணீர் வராமல் நாற்றங்கால் காய்ந்தபோது, ஊர் வழக்கப்படி பெண்கள் மதகில் போய் நின்று லஸ்கர் வீரையனை ஏசிப் பாடினோம். மதகைத் திறந்து மூடுகிற அரசாங்க ஆள் அவர். நாம் பாடினால் அவர் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பதும் வழக்கம். பாட்டைக் கட்டியது நான், எடுத்துப் பாடியதும் நான். அது அன்றைக்கு, அந்த இடத்துக்கு, அந்த மனிதருக்குப் பாடியது. அதை நீங்கள் சிங்கப்பூர் டேப் ரிக்கார்டரில் பிடித்து, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம், காதுகுத்து, மாதா கோயில் திருவிழா என்று எல்லா இடத்திலும் உங்கள் குழாய் ஸ்பீக்கரில் போட்டீர்கள். கடைத்தெருவில் நான் போனால் பையன்கள் “மீசைக்கு எண்ணெ” என்று பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். திருவாரூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் அந்தக் குழாயைக் கேட்டுவிட்டுப் போன கதை உங்களுக்குத் தெரியும். “ஆம்பளையப் பேர் சொல்லி மைக்ல ஏசுற பொண்ணு நமக்கு வேணாம்” என்று அந்த அம்மாள் நம் வாசலில் நின்று சொன்னார். நீங்கள் அப்போது வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தீர்கள்.

இதையெல்லாம் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீங்கள் கேட்டீர்கள்.

கிளாட்சன் உங்கள் கடிதத்தைப் பார்த்துவிட்டான். தமிழ் படிக்கத் திணறுவான். “டேப்” என்ற சொல்லை மட்டும் உடனே பிடித்துக்கொண்டான். அவன் போடுகிற ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு நம்பர் உண்டாம். ஐ.எஸ்.ஆர்.சி. என்கிறான். உலகம் முழுவதும் ஒரே முறை. முதலில் நாட்டுக்கு இரண்டு எழுத்து, அடுத்து நம்பர் கொடுப்பவருக்கு மூன்று, அப்புறம் நம்பர் கொடுத்த வருடம், கடைசியில் வரிசை எண். அந்த நம்பர் பாட்டுக்கு இல்லையாம், பாடிப் பதிந்த அந்த ஒரு தடவைக்குத்தானாம். அதே பாட்டை நாளைக்கு மறுபடி பாடிப் பதிந்தால் அதற்கு வேறு நம்பர். பதிந்ததைக் கேசட்டில் போட்டாலும் சி.டி.யில் போட்டாலும், கம்பெனி கைமாறினாலும், பழைய நம்பர்தான் கூடவே போகும். யார் பாடியது என்ற பெயரும் அதோடு ஒட்டிக்கொண்டே போகும்.

உங்கள் குழாயாவது நான்கு தெருவோடு நின்றது. ஆகவே வேண்டாம்.

உங்கள் தங்கை,
விண்ணரசி


வடக்குவெளி.
24 மார்ச் 2002

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் கொடுக்கவில்லை. நானே படித்தேன். முதல் பக்கத்துக்கு ஒரு காலைப்பொழுது ஆனது. கோபமாக எழுதிய பக்கத்தை மட்டும் வேகமாகப் படித்துவிட்டேன். அது ஏனென்று தெரியவில்லை. அதற்குப் பதில் எழுத என்னிடம் இன்னும் போதுமான எழுத்து சேரவில்லை. சேர்ந்ததும் எழுதுகிறேன்.

அந்த நம்பர் விஷயம் எனக்கு உடனே புரிந்தது. வண்டி நம்பர் மாதிரிதான். பெயிண்ட் மாற்றலாம், முதலாளி மாறலாம், நம்பர் அதே நம்பர். ஒரே கம்பெனி, ஒரே நிறம் என்று இரண்டு பஸ் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் நம்பர் வேறுதான். நான் மைக் செட் வைத்திருந்த காலத்தில் இது இருந்திருக்க வேண்டும் தங்கை. எழுத்துத் தெரியாமல் ஒவ்வொரு ரிக்கார்டின் உறையிலும் நகத்தால் கீறி அடையாளம் வைத்திருந்தேன். ஒரு கீறல் சாவுப் பாட்டு, இரண்டு கீறல் கல்யாணப் பாட்டு. ஒரு தடவை எலி ஒரு கீறல் சேர்த்துவிட்டது. பொறையாறு கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் புறப்படும்போது சாவுப் பாட்டு பாடியது. அடிக்க வந்தார்கள்.

இப்போது ஒரு கெட்ட செய்தி. நீ வேண்டாம் என்று சொன்ன பிறகும் மனசு நிற்காமல், கிளாட்சன் சொன்ன நம்பர் சி.டி.யில் எங்கே இருக்கும் என்று பார்க்கத் தாவூது கடைக்குப் போனேன். தட்டில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன்.

“என்ன ஆசீர்வாதம், படிக்கிறீங்களா, எறும்பு எண்ணுறீங்களா?” என்றார்.

“இருங்க பாய். ம... த... கு...” என்று கூட்டிக்கொண்டே போனேன். ‘மதகு காக்கும் வீரையா – கிராமியப் பாடல் – குழுவினர்’ என்று இருந்தது. போடச் சொன்னேன். டிங்கு டிங்கு என்று மேளச் சத்தம் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் குரல் உன் குரல். சந்தேகமே இல்லை.

“யாரு பாய் அந்தக் குழு?”

“ஒங்க டேப்புதாங்க. எப்பவோ ஒங்ககிட்ட வாங்கி ஒரு காப்பி போட்டு வச்சிருந்தேன்ல. மூணு வருசத்துக்கு முன்னாடி மெட்ராஸ்லேருந்து ஒருத்தர் வந்து கேட்டாரு, கொடுத்தேன்.”

“பேரு சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது? தங்கச்சி பேரைச் சொன்னா வீட்டுல சண்டையாயிடும், சொல்லிறாதீங்கன்னு நீங்கதானே சொல்லி வச்சிருந்தீங்க.”

அவர் சொன்னது உண்மைதான். ஆனால் இது என்ன நியாயம்? உன் குரல் ஊரெல்லாம் விலைக்குப் போகிறது, பெயர் இல்லாமல். நம்பர் அட்டையில் இல்லை. உள்ளே மிஷினுக்குத் தெரிகிற மாதிரி ஒளிந்திருக்கும் என்று தாவூது சொல்கிறார். அந்த சி.டி.யை ரிஜிஸ்தர் தபாலில் இன்றே அனுப்புகிறேன். கிளாட்சனைப் பார்க்கச் சொல். சீக்கிரம் பார்க்கச் சொல்.

அண்ணன்,
ஆசீர்வாதம்


சார்செல்.
21 ஏப்ரல் 2002

அன்புள்ள அண்ணனுக்கு,

சி.டி. வந்தது. நான் வேலை செய்யும் பள்ளிக்கூடச் சமையற்கட்டிலிருந்து திரும்பும்போது கிளாட்சன் அதைப் போட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

அது என் குரல் இல்லை அண்ணே. பாட்டு என்னுடையது. மூச்சு விடுகிற இடமும் என்னுடையது. ஆனால் குரல் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையினுடையது போலக் கீச்சென்று இருக்கிறது. ‘அப்பாடா, நான் இல்லை’ என்று முதலில் நிம்மதியாக இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அரிசி களைந்தேன். திரும்பி வந்து இன்னொரு தடவை போடச் சொன்னேன். அப்புறம் இன்னொரு தடவை. அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது.

எது என்னைக் குடைகிறது என்று சொல்கிறேன். ‘குழுவினர்’ என்ற அந்தச் சொல். பெயர் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ஆனால் என் பெயரை எடுப்பதாக இருந்தால் நான் எடுக்க வேண்டும். நான் கட்டிய பாட்டை, நான் நின்று பாடியதை, யாரோ ஒருவர் குழுவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் போகும்போதும் இதே நினைப்பு. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்தேன்.

கிளாட்சன் மிஷினில் அந்த நம்பரைப் படித்தான். IN என்று தொடங்குகிறது. வருடம் 99. ஒரே பதிவுக்கு இரண்டு நம்பர் கொடுக்கக் கூடாதாம். ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு மாதிரி என்று அவனுக்கு நான் விளக்கினேன். ரேஷன் கார்டு என்றால் என்ன என்று கேட்டான். அவன் சொல்வது இதுதான். மேளம் சேர்த்து, வெட்டி ஒட்டிச் செய்தது வேறொரு பதிவு. அந்த நம்பர் அதற்கு மட்டும். மேளம் சேராத உங்கள் டேப்புக்கு இதுவரை நம்பரே கிடையாது. அது இன்னும் பிறப்புப் பதியாத பிள்ளை. அதைப் போட்டால் தனி நம்பர் கொடுக்கலாம். ஆனால் ஜூன் நடுவில் அவனுடைய சி.டி. தொழிற்சாலைக்குப் போகிறது. அதற்குப் பிறகு ஒன்றும் சேர்க்க முடியாது.

நான் சரி என்று சொல்லவில்லை. இரண்டு கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

ஒன்று, என் குரல் ஏன் இப்படி இருக்கிறது?

இன்னொன்று, மெட்ராஸ் சி.டி.யில் பாட்டு முடிந்ததும் சத்தம் நின்றுவிடுகிறது. உங்கள் குழாயிலும் அப்படித்தான் நிற்கும். ஆனால் அன்றைக்கு அது அங்கே நிற்கவில்லை. வீரையன் பதில் சொன்னார். நான் அவரை அவமானப்படுத்தினேன் என்று திருவாரூர் வரைக்கும் சொன்னார்கள். அவர் என்ன சொன்னார் என்பது மதகில் நின்ற எங்களுக்கு மட்டும் தெரியும். அது உங்கள் டேப்பில் இருக்கிறதா? இருந்தால் அதை ஏன் ஒரு நாளும் போடவில்லை?

விண்ணரசி


வடக்குவெளி.
8 மே 2002

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இன்று எழுதுகிறேன். தபால் பத்து நாள், பதினைந்து நாள் என்று இழுப்பதால் எனக்கு ஒவ்வொரு நாளும் ஜூன் நடுவாகவே தெரிகிறது.

முதல் கேள்விக்குப் பதில். அன்று ரிக்கார்டரில் இருந்தவை பழைய டார்ச் செல். வெயிலில் காயவைத்துப் போட்டிருந்தேன். செல்லில் பலம் இல்லாததால் டேப் மெதுவாக ஓடிப் பிடித்தது. அதைப் பலமான கரண்டில் போட்டால் வேகமாக ஓடும், குரல் கீச்சென்று போகும். இது எனக்கு முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆகவே அந்த டேப்புக்கென்றே பாதி செத்த செல்களைத் தனியாக ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தேன். அதில் போட்டால் நீ நீயாக இருப்பாய். தாவூது கடை கரண்டில் காப்பி போட்டார். அதுதான் நீ சிறுபிள்ளையாகிவிட்டாய். கிளாட்சனிடம் சொல், அவன் மிஷினில் கொஞ்சம் மெதுவாக ஓட்டினால் சரியாகிவிடும்.

இரண்டாவது கேள்வி. இருக்கிறது. எல்லாம் இருக்கிறது. நேற்று சாயங்காலம் அம்சத்தின் டார்ச்சிலிருந்து பழைய செல்லைப் பிடுங்கி, ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு வீரையன் வீட்டுக்கே போனேன். எண்பதை நெருங்குகிறார். ஒரு காது போய்விட்டது. மீசை மட்டும் அப்படியே, வெள்ளையாக.

“யாரு, மைக் செட்டா? இன்னும் சாகலையா நீ?”

“நீங்க வழிவிட்டாத்தானேண்ணே நான் போறது. இதைக் கேளுங்க.”

நல்ல காதை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டார். நீ தொடங்கினாய்.

மதகு காக்கும் வீரையா – எங்க
மடையைக் கொஞ்சம் பாரையா
மீசைக்கு எண்ணெ தடவுறே – எங்க
வயலுக்குத் தண்ணி தடவையா

அவர் கை தானாக மீசைக்குப் போனது. “வெளக்கெண்ணெ அது. அந்தச் சம்பளத்துக்கு வேற என்னத்தத் தடவுறது” என்றார். பிறகு பாட்டு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. டேப் ஓடியது. அவருடைய பழைய குரலே வந்தது.

“போதும் தாயி. நீ பாடுன பாட்டுல மதகே கூசிப்போயித் தானாத் தொறந்துக்கிச்சு. நான் தொட்டேன்னு மேஸ்திரிகிட்ட யாரும் சொல்லிறாதீங்க.”

அப்புறம் மதகுப் பலகை ஏறுகிற கிறீச்சுச் சத்தம். நீங்கள் எல்லோரும் சிரிக்கிறீர்கள். குலவை. தண்ணீர் விழுகிறது. அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து ஒருவன் கத்துகிறான்: “ஏய் ஏய், வயரு நனையுது, மைக்கத் தூக்கு, தூக்குடி.”

அது நான். அதனால்தான் ஒரு நாளும் போடவில்லை தங்கை. முதல் தடவை போட்டபோது என் கத்தலுக்குப் பந்தல் முழுக்கச் சிரித்தார்கள். சமையல்காரன்கூட வெளியே வந்து சிரித்தான். எனக்கு மானம் போனது. அன்றிலிருந்து பாட்டு முடிந்த உடனே டேப்பை நிறுத்தும் கட்டையைத் தட்டிவிடுவேன். என் ஒரு கத்தலை மறைக்க வீரையன் பதிலையும் சேர்த்து மறைத்திருக்கிறேன் என்று உன் கடிதத்தைப் படிக்கும்வரை எனக்குத் தோன்றவே இல்லை. அந்தத் திருவாரூர் அம்மாள் இன்னும் அரை நிமிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ. ஒருவேளை அப்போதும் போயிருப்பார். தெரியவில்லை.

முன்பு எழுத்துச் சேரவில்லை என்றேனே, இப்போது சேர்ந்தது. நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

வீரையனிடம், “ஒங்க பேரையும் போடலாமாண்ணே? பிரான்சுல அச்சடிக்கப் போறாங்க” என்று கேட்டேன்.

“போடு. மதகு தானாத் தொறந்துச்சுங்கறதையும் சேத்துப் போடு. இல்லாட்டி பென்ஷனை நிறுத்திப்புடுவான்.”

டேப்பைத் தபாலில் போட மனம் வரவில்லை. இருப்பது இது ஒன்றுதான். காரைக்கால் கலந்தர் வரும் பதினெட்டாம் தேதி பாரிஸுக்கு விமானம் ஏறுகிறார். உன் வீட்டுக்காரருக்குத் தெரிந்தவர்தான். பிஸ்கட் டப்பாவில் வைத்து, கயிறு கட்டி, அவர் கையில் கொடுக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல். போடலாம் என்றால் போடலாம். வேண்டாம் என்றால் டப்பாவை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடு. கடைசியில் என் கத்தலை மட்டும் வெட்டிவிடச் சொல்.

ஆசீர்வாதம்


சார்செல்.
9 ஜூன் 2002

அன்புள்ள அண்ணனுக்கு,

கலந்தர் அண்ணன் டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம். ‘இதற்குள் என்ன’ என்று விமான நிலையத்தில் கேட்டிருக்கிறார்கள். மதகில் தண்ணீர் விழுகிற டேப் என்று நீங்கள் சொல்லியிருந்த நினைப்பில், “தண்ணி” என்று சொல்லிவிட்டாராம். திறந்து பார்த்துவிட்டு விட்டார்களாம். உங்கள் செல்களையும் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். ஒன்று கசிந்து டப்பா துருப்பிடித்துவிட்டது. டேப்புக்கு ஒன்றும் ஆகவில்லை.

கிளாட்சன் மெதுவாக ஓட்டினான். இன்னும் மெதுவாக. இன்னும் கொஞ்சம். ஓரிடத்தில் நான் ‘நிறுத்து’ என்றேன். நான்தான் அண்ணே. இருபது வயது விண்ணரசி. பயமே இல்லாத குரல். அவளை எனக்கு மறந்தே போயிருந்தது. வீரையன் பதில் வந்தபோது என் மகன் முதலில் என் முகத்தைப் பார்த்தான். ஏன் சிரிக்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. பிறகு சொல்லிக் கொடுத்தேன். அவனும் சிரித்தான்.

உங்கள் கத்தலில் ஒரு தகராறு நடந்தது. கிளாட்சன், “மாமா சொன்ன மாதிரி வெட்டிடலாம்மா, தண்ணியோட முடிஞ்சா அழகா இருக்கும்” என்றான். நான் அவன் சொல்லிக் கொடுத்த பாடத்தையே அவனுக்குத் திருப்பிச் சொன்னேன். “வெட்டுனா அது வேற. அதுக்கு வேணும்னா நீ வேற நம்பர் வாங்கிக்க. என் நம்பர் முழுசுக்குத்தான். வயரு நனையற வரைக்கும்.” அவன் கையை எடுத்துவிட்டான்.

நம்பர் கொடுத்தாயிற்று. தாளின் பின்பக்கம் உங்களுக்காகப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். FR, அடுத்து கிளாட்சனுக்குக் கொடுத்த மூன்று எழுத்து, அப்புறம் 02, கடைசியில் 00007. அதற்கு எதிரே அச்சில் வரப்போவதையும் எழுதியிருக்கிறேன். பாட்டு கட்டிப் பாடியது விண்ணரசி. பதில் சொன்னது வீரையன். பதிந்தது ஆசீர்வாதம்.

என் பெயரை நானே எழுதினேன். முதலில் ‘திருமதி’ போட்டேன். அடித்துவிட்டேன். அன்றைக்கு நான் திருமதி இல்லை.

மெட்ராஸ் கம்பெனிக்கும் கிளாட்சன் எழுதியிருக்கிறான், அவர்களுடைய நம்பரில் இருக்கும் ‘குழுவினர்’ என்பதைத் திருத்தச் சொல்லி. இதுவரை பதில் இல்லை. நான் விடப்போவதில்லை.

கோபம் தீர்ந்ததா என்று மறுபடி கேட்காதீர்கள். முழுதாகத் தீரவில்லை. இந்தத் தடவை என்னைக் கேட்டுவிட்டுச் செய்தீர்கள் என்பதை மட்டும் கணக்கில் வைத்திருக்கிறேன்.

உங்கள் தங்கை,
விண்ணரசி


வடக்குவெளி.
26 ஜூன் 2002

அன்புத் தங்கைக்கு,

நம்பரைப் படித்தேன். பிறகு பழைய ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மேல் கரியால் எழுதினேன். காலண்டரில் எழுதினேன். அம்சம், “யாரு வீட்டு போன் நம்பர் இது, இவ்வளவு நீளமா?” என்று கேட்டாள். “என் தங்கச்சி குரலோடது” என்றேன். அவளும் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஒரு குறை இருந்தது. நம் மதகு, நம் தண்ணீர், முன்னால் ஏன் FR? இரண்டு நாள் மனம் ஆறவில்லை. பிறகு பஸ் நிறுத்தத்தில் நின்றபோது PY 02 வண்டி ஒன்று போனது. அதில் முழுக்க நம் ஊர் ஜனங்கள். நம்பர் கொடுத்த இடம்தானே அது, ஏறியிருப்பது யார் என்று அதற்கு என்ன தெரியும் என்று சமாதானம் ஆகிவிட்டேன். ஆனாலும் அடுத்த முறை IN வாங்க முடியுமா என்று கிளாட்சனைக் கேட்டு வை.

இப்போது ஒரு அவசரம். வழக்கமாக அணை திறக்கிற ஜூன் பன்னிரண்டு போய்விட்டது. மேட்டூரை இன்னும் திறக்கவில்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. வாய்க்காலில் ஆடு மேய்கிறது. நேற்று பெண்கள் கூடிப் பேசினார்கள். இப்போதிருக்கும் லஸ்கர் புதுப் பையன், மோட்டார் சைக்கிளில் வந்து போகிறவன். அவன் மேல் தப்பும் இல்லை, மேலேயே தண்ணீர் இல்லை. இருந்தாலும் வழக்கத்தை விடக் கூடாது என்கிறார்கள். ஆனால் யாருக்கும் பாட்டு முழுதாகத் தெரியவில்லை. முதல் இரண்டு வரியோடு நிற்கிறார்கள்.

“மைக் செட் அண்ணே, அந்த டேப்பைப் போடுங்களேன். ஒங்ககிட்டதான் இருக்குமே, காப்பி?” என்றாள் அம்சம்.

காப்பி இருக்கிறது. கலந்தரிடம் கொடுக்கும் முன் ஒன்று எடுத்து வைத்தேன். அதைச் சொல்ல உன்னிடம் கூச்சமாக இருந்தது. குழாயும் ஒன்று பரணில் கிடக்கிறது. துடைத்துவிட்டேன். பழைய செல்களை வெயிலில் வைத்திருக்கிறேன். வயரைக்கூட நனையாத இடமாகப் பார்த்து இழுத்து வைத்துவிட்டேன். எல்லாம் தயார்.

ஆனால் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். “அவளைக் கேக்கணும்” என்றேன்.

“பிரான்சுல இருக்கறவளைக் கேட்டு, தபால் வந்து, அதுக்குள்ள தண்ணியே வந்துரும்” என்றார்கள். வந்தால் நல்லதுதானே. வீரையன் மட்டும், “கேக்கட்டும், கேக்கட்டும். அவன் இப்பத்தான் படிச்சிருக்கான்” என்றார்.

ஆகவே கேட்கிறேன். நம் மதகில், எல்லோரும் கேட்க, முழுதாக, என் கத்தல் வரைக்கும் போடட்டுமா?

உன் கடிதம் முந்துகிறதா, தண்ணீர் முந்துகிறதா என்று மதகுக்கும் தபால்காரருக்கும் நடுவில் நடந்துகொண்டிருக்கிறேன். சும்மா இருக்க முடியாது. இரண்டும் வராவிட்டாலும் வரும் வாரம் இதே புதன்கிழமை உட்கார்ந்து உனக்கு எழுதுவேன். அதற்குள் ‘ண’வுக்குச் சுழி எத்தனை என்று கை பழகிவிடும், உன் பெயரைத் திருத்தமாகப் போடுகிறேன்.

உன் அண்ணன்,
ஆசீர்வாதம்